வாசலைத் தாண்டாத கோப்பை

ஜனவரி 8
மாணவியர் விடுதி, மூன்றாம் மாடி

அன்புள்ள ஊசிக்கு,

போனில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போனில் நாம் பேசினால் நாலாவது நிமிடம் சண்டை வருகிறது. ஆறாவது நிமிடம் உன் அண்ணன் "என்ன, என்ன" என்று நடுவில் வந்து நிற்கிறார். கடிதத்தில் போடும் சண்டைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. பதில் திட்டு வர நாலு நாளாவது ஆகும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் நலம். நாற்பத்தாறு வயதில் பி.ஏ. பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு படிக்கிறவளுக்கு எவ்வளவு நலம் இருக்குமோ அவ்வளவு இருக்கிறது. முழங்கால் மட்டும் மூன்றாம் மாடியை ஒத்துக்கொள்ளவில்லை. அறைத்தோழிக்கு இருபது வயது. என்னை ஆன்ட்டி என்கிறாள், என் தலைவலித் தைலத்தைத் தன்னுடையது என்கிறாள். முதலாண்டில் என்னைப் பேராசிரியை என்று நினைத்து எழுந்து நின்ற பிள்ளைகள் எல்லாம் இப்போது, "ஆன்ட்டி, நாளைக்கு நான் வரல, அட்டெண்டன்ஸுக்குக் குரல் குடுத்துடுங்க" என்கிறார்கள். என் ஒரு தொண்டையில் நாலு பேர் ஆஜராகிறோம்.

இப்போது விஷயம். கடைசிப் பருவத்துக்கு ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். என் தலைப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலையும் அதற்குப் போகும் நேரமும். துணிக்கடைக் கல்லாவில் பதினெட்டு வருடம் உட்கார்ந்துவிட்டு, பட்டம் இல்லை என்ற ஒரே குற்றத்துக்காக முதலாளியின் அக்காள் மகனை "சார்" என்று கூப்பிட்டவள் நான். கல்லாவைப் பற்றி எழுதாமல் கரிச்சட்டியைப் பற்றி ஏன் எழுதுகிறாள் என்று கேட்பாய். கல்லாவுக்குக் கணக்கு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கரிச்சட்டியை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

இருபது வீடுகள் வேண்டும். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஏழு நாளைக்கு, வேலைக்கு ஒரு வரி வீதம், என்ன செய்தோம், எவ்வளவு நேரம் என்று படிவத்தில் எழுத வேண்டும். பத்தொன்பது வீடுகள் கிடைத்துவிட்டன. இருபதாவது வீட்டுக்காரி, கணவர் படிவத்தைப் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். ஆகவே இருபதாம் வீடு நம் வீடு. இரண்டு படிவங்கள் வைத்திருக்கிறேன், ஒன்று உனக்கு, ஒன்று உன் அண்ணனுக்கு. கீழே குடும்பத் தலைவர் கையெழுத்து என்று ஓர் இடம் இருக்கிறது. அது யார் என்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நான் தலையிட மாட்டேன்.

மார்ச் 31 கடைசி நாள். இருபதில் ஒன்று குறைந்தாலும் எங்கள் வளைகோட்டம்மா ஏற்க மாட்டார். அது எங்கள் பேராசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். மணி என்ன என்று கேட்டாலும் பலகையில் ஒரு வளைகோடு போட்டுத்தான் சொல்வார். ஆய்வேடு போனால் வருடம் போகும். எனக்கு இன்னொரு வருடம் விடுதி, உனக்கு இன்னொரு வருடம் உன் அண்ணன்.

மூன்றே வருடம் வீட்டைப் பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் உன்னை அங்கே கூட்டி வந்தேன். யூனிஃபார்ம் பட்டறையில் துணி வெட்டும் வேலையை விட்டுவிட்டு நீ வந்தது எனக்கு மறக்கவில்லை. மறந்தாலும் நீ மாதம் ஒரு முறை எழுதி நினைவுபடுத்துகிறாய்.

உண்மையை மட்டும் எழுது.

ஆஜராகும் நால்வரில் ஒருத்தி,
அண்ணி


ஜனவரி 21

அண்ணிக்கு,

இங்கு நலம். அங்கு முழங்கால் தவிர நலம் என்று தெரிந்தது.

படிவம் இரண்டையும் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். அண்ணனிடம் கொடுத்தால், "நீயே எழுதிடு ஊசி, எனக்குக் கண்ணு வலிக்குது" என்றார். பாவம், அச்சகத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து ஊரார் எழுத்தில் பிழை திருத்திவிட்டு வருகிற கண். அவருடையதையும் நானே எழுதினேன். உங்கள் கணவர் என்னென்ன செய்கிறார் என்று படித்துப் பாருங்கள். பெருமையாக இருக்கும். உங்கள் பேராசிரியைக்கும் காட்டுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் இருபது நிமிடம் உட்கார்ந்து படித்தார். நான் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், படிவத்தில் மூன்று எழுத்துப் பிழை, ஓர் இடத்தில் காற்புள்ளி இல்லை என்று சிவப்பு மையால் திருத்திவிட்டு, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். யார் தலைவர் என்று பேசி முடிவு செய்ய எனக்கு நேரமில்லை. அடுப்பில் பால் இருந்தது.

பட்டமளிப்புக்கு உங்களுக்கு ஓர் உடுப்பு தைக்கத் தொடங்கியிருக்கிறேன். இடுப்பளவு என்னிடம் இருப்பது மூன்று வருடத்துக்கு முந்தையது. அதையே வைத்துக்கொள்ளவா, அல்லது நீங்களும் உண்மையை மட்டும் எழுதுகிறீர்களா?

ஊசி


பிப்ரவரி 3

ஊசி,

மூன்று அங்குலம் கூட்டிக்கொள். அதைச் சொல்ல மட்டும் இதை எழுதவில்லை.

நேற்று வகுப்பில் எங்கள் படிவங்களை வைத்துப் பாடம் நடந்தது. வளைகோட்டம்மா என் படிவக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். எது என்று நினைக்கிறாய்? இருபதாம் வீடு. வீட்டு எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. படிக்கத் தொடங்கினார்.

"இந்த வீட்ல ஒரு அம்மா இருக்காங்க. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓய்வு. தூக்கம் ஏழு மணி நேரம், அது தனி. மிச்சம் ஒரு மணி நேரத்துல குளிச்சுச் சாப்பிட்டுடறாங்க. ஓய்வெடுத்து ஓய்வெடுத்தே களைச்சுப் போயிருப்பாங்க, பாவம்."

வகுப்பில் நாற்பது பேர் சிரித்தார்கள். நாற்பத்தோராவது ஆளாக நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

பிறகு ஆண் பக்கம். காலை ஐந்து மணிக்குக் காய் நறுக்குகிறார். ஐந்தரைக்கு வாசல் பெருக்குகிறார். அச்சகத்திலிருந்து வந்ததும் துணி துவைக்கிறார், மடிக்கிறார், பாத்திரம் விளக்குகிறார். "ஒழுகும் குழாயைத் துணி சுற்றிக் கட்டினார்" என்று ஒரு வரி வந்தபோது என் அறைத்தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆன்ட்டி, அங்கிள் மாதிரி ஒருத்தர் எனக்குக் கிடைப்பாரா?"

இருபத்திரண்டு வருடம் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துத் தராத மனிதர், நான் பஸ் ஏறியதும் துடைப்பம் எடுத்தாரா? எனக்கு வந்தது மகிழ்ச்சியா வயிற்றெரிச்சலா என்று தெரியவில்லை. கோடு போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன.

சரி, அவர் திருந்தியது நல்லதே. ஆனால் நீ? "என்னால் உனக்கு எத்தனை சிரமம்" என்று மூன்று வருடமாக நான் எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருக்குமே. பதினாறு மணி நேர ஓய்வில் அவற்றைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாயா?

திகைத்துப்போயிருக்கும்,
அண்ணி


பிப்ரவரி 8

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. ஓய்வாகத்தான் இருந்தேன், உடனே படித்தேன்.

உடுப்பு பார்சலில் வருகிறது. மூன்று அங்குலம் கூட்டியிருக்கிறேன். வலது கை வைத்தாகிவிட்டது. இடது கை இல்லை. ஓய்விலிருந்து எழுந்ததும் வைக்கிறேன்.

ஊசி


பிப்ரவரி 16

என் ஊசிக்கு,

ஒற்றைக் கை உடுப்பு வந்தது. அறைத்தோழி போட்டுப் பார்த்துவிட்டு, "சூப்பர் ஆன்ட்டி, இப்ப இதுதான் ஃபேஷன்" என்று கழற்ற மறுத்தாள். கோபத்தில்கூட உனக்குத் தையல் நேராக ஓடுகிறது. எனக்குக் கோபத்தில் கையெழுத்தே கோணிவிடும், பார்த்திருப்பாய்.

முந்தாநாள் படிவங்களைக் கணினியில் ஏற்றினோம். பத்தொன்பது வீடுகளும் சாதுவாக ஏறின. இருபதாம் வீட்டு ஆண் மட்டும் ஏற மறுத்தார். மறுபடி அடித்தோம். மறுபடி மறுத்தார். "ஆன்ட்டி, மெஷின்ல கோளாறு" என்றாள் தோழி. நான் பழைய கல்லாக்காரி. மெஷினை நம்பாமல் விரல் விட்டு எண்ணினேன். அச்சகம் எட்டு, போக வர இரண்டு, தூக்கம் ஏழு, வீட்டு வேலை பத்து.

இருபத்தேழு.

உன் அண்ணன் ஒவ்வொரு நாளும் அடுத்த நாளிடம் மூன்று மணி நேரம் கைமாற்று வாங்கி நமக்குப் பாத்திரம் விளக்கியிருக்கிறார். இருபது நிமிடம் படித்துவிட்டு இதில்தான் கையெழுத்துப் போட்டார். அவர் சேர்த்த காற்புள்ளி மட்டும் மிகச் சரியான இடத்தில் இருக்கிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பத்து மணி நேரமும் யாருடையது என்று.

ஊசி, சிரித்த நாற்பத்தொரு பேரில் வெட்கப்பட வேண்டியவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. பத்தொன்பது வீட்டில், "நான் சும்மாதான் இருக்கேன்" என்று பெண்கள் சொன்னபோது, "சும்மான்னா என்னென்ன செய்வீங்க?" என்று துருவித் துருவிக் கேட்டு எழுதியவள் நான். சொந்த வீட்டில் மட்டும் எழுதியதை அப்படியே நம்பினேன். குழாயைத் துணி சுற்றிக் கட்டத் தெரிந்த ஆம்பிளையா அவர்?

வளைகோட்டம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்தேழு மணி நேரம் உழைக்கிற புருஷனை நான் பொருளாதாரத்துலயும் பார்த்ததில்ல, கதையிலயும் பார்த்ததில்ல. உண்மையான வாரம் ஒண்ணு எழுதி வாங்குங்க. இல்லன்னா பத்தொன்பது வீடுதான். பத்தொன்பது வீடுன்னா அடுத்த வருஷம்தான்."

இரண்டு பேரின் உண்மையான ஏழு நாள் வேண்டும். கீழே அவர் கையெழுத்தும் வேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒரு கையோடு,
அண்ணி


பிப்ரவரி 27

அண்ணிக்கு,

நான் பொய் எழுதவில்லை. அந்த வேலையெல்லாம் நடந்த வேலைதான். ஆளை மட்டும்தான் மாற்றினேன். பட்டறையில் தைத்தது ஒருத்தி, சட்டைக் காலரில் இருப்பது முதலாளி பெயர் இல்லையா? அந்தப் பழக்கம்.

உங்கள் வகுப்பில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து அண்ணனைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று நினைத்தேன். அது நம் வீட்டுக்குக் கௌரவமா? இருந்ததையெல்லாம் அவர் பத்தியில் எழுதிய பிறகு என் பத்தி காலியாகக் கிடந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் ஓய்வு, ஓய்வு என்று நிரப்பினேன். கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அவருக்குப் பதில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றும் தோன்றவில்லை.

அவரைக் கெடுத்ததில் எனக்குப் பங்கு உண்டு. அம்மா தொடங்கி வைத்தார், நீங்கள் இருபத்திரண்டு வருடம் பார்த்துக்கொண்டீர்கள், நான் மூன்று வருடம் மெருகேற்றினேன். மூன்று பேர் தைத்த சட்டை. ஒருத்தியை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

இந்தத் தடவை பட்டறையில் நேரம் பார்க்க வைத்திருந்த கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நோட்டும் கையுமாக ஒரு வாரம் அண்ணன் பின்னாலேயே நடந்தேன். "என்ன, நான் ஓடிப்போயிடுவேன்னு காவலா?" என்றார். என் பக்கம் நாளுக்குப் பதினொன்றரை மணி நேர வேலை. அவர் பக்கம் முழு வாரத்துக்கும் ஒரே வகை வரிதான். அப்படியே எழுதியிருக்கிறேன்:

"தேநீர் குடித்த கோப்பையைக் கூடத்திலிருந்து சமையலறை வாசல்வரை கொண்டு வந்தது. ஒரு நிமிடம். வாசலைத் தாண்டவில்லை."

ஏழு நாளும் அதே. கொண்டு வருவார், வாசலருகே தரையில் வைப்பார், திரும்பிப் போவார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கால் கொஞ்சம் உள்ளே வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செருப்பைச் சரிசெய்யத்தான்.

கையெழுத்துக்குக் கொடுத்தேன். இந்த முறை பிழை பார்க்காமல் விஷயத்தைப் படித்தார். நான் பார்க்க அவர் அப்படிப் படித்தது இதுதான் முதல் தடவை.

"என்ன இது, ஒரு நிமிஷம்?"

"கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதினேன்."

"கொண்டு வர்றதுக்கு ஒண்ணு, வைக்கிறதுக்கு ஒண்ணு. ரெண்டுன்னு போடு."

"வச்சாத்தானேண்ணா போட முடியும்? நீ வாசல்ல விட்டுட்டுப் போற."

"தினமுமா?"

"தினமும்."

சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டார். கையெழுத்து எங்கே என்றேன். "பிழையுள்ள படிக்கு நான் கையெழுத்துப் போடுறதில்ல" என்று அச்சகத்தில் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

படிவங்கள் என்னிடம்தான் இருக்கின்றன. என் படிவத்துக்கு ஒரு நகல் எடுத்து இத்துடன் வைக்கிறேன்.

ஊசி


மார்ச் 4

ஊசி,

கையெழுத்து இல்லாத படிவம் செல்லாது. நேற்று உன் அண்ணனைப் போனில் பிடித்தேன். "இங்க நல்ல மழை" என்றார். "அந்தப் படிவம்," என்றேன். "காத்தும் இருக்கு" என்றார். பிறகு அறைத்தோழியின் படிப்பை விசாரித்தார். இந்த மூன்று வருடத்தில் என் படிப்பையே அவர் விசாரித்ததில்லை. இன்னும் இருபத்தேழு நாள் இருக்கின்றன. கெஞ்சு, மிரட்டு, தேநீரை நிறுத்து. என்ன வழியோ, உன் பொறுப்பு.

இன்னொரு சந்தேகம். உன் படிவத்தில் தினமும் மாலை நாலேகால் முதல் நாற்பது நிமிடம் 'வெளியே' என்று இருக்கிறது. எங்கே வெளியே? கடைக்குப் போனது தனியாக இருக்கிறது. துணி காயப்போட்டது தனியாக இருக்கிறது. எங்கள் முறைப்படி அது ஒன்பதாம் வகை, 'இதர'. இதரவுக்கு விளக்கம் எழுதியே ஆக வேண்டும். இது ஆய்வின் விதி. என் ஆவலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு மனைவி தவறி நாலு வருடம் ஆகிறது. நல்ல மனிதர், வழுக்கை கொஞ்சம்தான். குடை பழுதுபார்ப்பவர் உன்னைப் பார்த்தால் குடையை விரித்து விரித்துக் காட்டுவார் என்று நீயே ஒரு தடவை எழுதியிருக்கிறாய். நாற்பத்திரண்டு வயதில் உனக்கு ஓர் இதர இருந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான்தான். வழுக்கையா குடையா என்று மட்டும் சொல்.

ஆய்வாளர் என்ற முறையில் மட்டும்,
அண்ணி


மார்ச் 17

அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி மிரட்டினேன். "கையெழுத்துப் போடலன்னா அண்ணிக்கு இன்னும் ஒரு வருஷம்" என்றேன். அண்ணன் யோசித்தார். "இன்னொரு வாரம் எழுது. நான் செய்றேன். அப்புறம் வர்ற எண்ணிக்கையைப் பாரு" என்றார். செய்தார், அண்ணி. குறை சொல்ல முடியாது. நாளுக்கு மூன்று மணி நேரம் வேலை செய்தார்.

திங்களன்று உருளைக்கிழங்கு சீவினார். தோலோடு கிழங்கும் போய், பகடைக்காய் அளவுக்கு எட்டு மிஞ்சின. செவ்வாயன்று பாத்திரம் விளக்கினார். அந்தத் தண்ணீரைத் துடைக்க எனக்கு முக்கால் மணி நேரம். புதனன்று வெள்ளைத் துணியெல்லாம் துவைத்தார். சட்டைப் பையில் அந்தச் சிவப்புப் பேனா இருந்தது. இப்போது நம் வீட்டில் படுக்கை விரிப்பு, துண்டு, திரைச்சீலை, அவருடைய ஐந்து சட்டை எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு. அச்சகத்தில், "என்ன சார், புது மாப்பிள்ளை மாதிரி" என்கிறார்களாம். வியாழனன்று சமைத்தார். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை இரண்டு வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய வேலை ஒரு நிமிடத்திலிருந்து மூன்று மணிக்கு ஏறியிருந்தது. என்னுடையது பதினொன்றரையிலிருந்து பதின்மூன்றுக்கு ஏறியிருந்தது.

"நான் மூணு மணி நேரம் செஞ்சா உனக்குக் குறையணுமே. எப்படிக் கூடுது?"

"நீ செஞ்சதை நான் மறுபடி செய்றேன்ல."

"அப்ப குறையவே குறையாதா?"

"குறையும்ணா. மூணு வருஷம் பழகினா."

இரண்டு படிவத்தையும் மறுபடி ஒரு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு முதல் வாரப் படிவத்தை எடுத்து, தான் அடித்த அந்த வரியின் கீழே சிவப்பு மையில் ஒரு வரிசை புள்ளி வைத்தார். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும், பிழை திருத்துகிறவர்களின் குறி. தவறாக அடித்துவிட்டேன், முன்பு இருந்தபடியே இருக்கட்டும் என்று பொருள். அந்தக் குறியை அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மூன்றே தடவைதான் போட்டிருக்கிறாராம். புள்ளி வைத்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். இரண்டாவது வாரத்துக்கும் போட்டார். எல்லாம் இத்துடன் இருக்கிறது.

இனி உங்கள் ஆய்வுக்கு இதர. வழுக்கையும் இல்லை, குடையும் இல்லை. பல்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பல் மருத்துவர் ஒருவர் இருந்தாரே, அவர் தொழிலை விட்டுவிட்டார். அறை பூட்டிக் கிடக்கிறது. என் தையல் மெஷின், வெட்டுமேசை, ஒரு நாற்காலி மூன்றுக்கும் சரியாக இருக்கும், அளந்துவிட்டேன். ஏழு மாதமாகத் தினமும் நாற்பது நிமிடம் அவரோடு வாடகை பேசிக்கொண்டிருக்கிறேன். உங்கள் முதலாண்டுப் புத்தகம் கட்டிலுக்கடியில் கிடந்தது. தூசி தட்டும்போது படித்தேன். வாங்குகிறவர் கோடும் விற்கிறவர் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விலை நிற்கும் என்று படம் போட்டிருக்கிறது. எங்கள் கோடுகள் ஏழு மாதமாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. போன செவ்வாய்தான் வெட்டிக்கொண்டன. ஊரெல்லாம் பல் பிடுங்கியவர், என்னிடம் பிடுங்கக் கொடுத்தார்.

ஜூன் முதல் தேதி சாவி தருகிறார். அன்றைக்கு எடுத்துக்கொள்ளாவிட்டால் செருப்புக் கடைக்குக் கொடுத்துவிடுவாராம். நீங்கள் தேறி வீட்டுக்கு வந்தால் எனக்குக் கடை. தேறாவிட்டால் எனக்கு அண்ணன். ஆகவே தயவுசெய்து தேறுங்கள். வேண்டுகோள் போல எழுதியிருக்கிறேன். வேண்டுகோள் அல்ல.

ஊசி


மே 19

ஊசி,

தேறிவிட்டேன். நூற்றுக்கு அறுபத்தொன்று. அறைத்தோழிக்கு எழுபத்தெட்டு. அவளுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

வாய்மொழித் தேர்வில் வளைகோட்டம்மா முதலில் கேட்டது அந்தச் சிவப்புப் புள்ளிகளைப் பற்றித்தான். விளக்கினேன். படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முப்பது வருஷமா படிவம் பார்க்கிறேன். அடிச்ச உண்மையை ஒருத்தர் திருப்பி எடுத்து வச்சதை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். பிறகு இரண்டாவது வாரத்தைப் பார்த்தார். ஆண் வேலை ஏற ஏறப் பெண் வேலையும் ஏறுகிறது. உடனே எழுந்து பலகையில் வளைகோடு போட ஆரம்பித்துவிட்டார். கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது.

"இது எங்க இறங்கும்?"

"தெரியல மேடம். என்கிட்ட ஏழு நாள்தான் இருக்கு."

"எழுபது நாள் எழுதிப் பாருங்க. ஆமா, அந்தப் பதினாறு மணி நேர அம்மா யாரு?"

"என் நாத்தனார்."

சாக்பீஸைக் கீழே வைத்தார். மறுநாள் கடைசி வகுப்பில், தான் அன்று சிரித்தது தவறு என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பையில் தைலம் தேடினேன்.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் உனக்கு நன்றி என்று ஒரு வரி எழுதினேன். பிறகு பதினொன்றரை மணியை மூன்று வருடத்தால் பெருக்கிப் பார்த்தேன். பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் மணி. அதற்கு ஒரு வரியா என்று அடித்துவிட்டேன். பின்னால் ஒரு பக்கத்தில், இந்தப் பட்டத்துக்கு ஆன செலவு என்று ஓர் அட்டவணை இருக்கிறது. கல்லூரிக் கட்டணம், விடுதி, புத்தகம் என்று எழுதி வந்தவள், நாலாவது வரியில் அந்த மணிகளுக்குப் பட்டறைக் கூலி போட்டு உன்னைச் சேர்த்திருக்கிறேன். மற்ற மூன்றையும் கூட்டினாலும் நாலாவது பெரியது. மேடம் அந்த வரியின் கீழே ஒரு கோடு போட்டார். நேர்கோடு.

ஜூன் முதல் தேதிக்கு முன்னால் வந்துவிடுவேன். பல்லுக்காரரிடம் சாவியைக் கேட்டு வை.

அறுபத்தொன்று,
அண்ணி


மே 24

அண்ணிக்கு,

சந்தோஷம். கடிதத்தை அண்ணன் மூன்று தடவை படித்தார். ஒரு பிழையும் சொல்லவில்லை.

இடது கையைப் பட்டமளிப்பு அன்று காலையில் நேரில் வந்து வைக்கிறேன். தபாலில் அனுப்பினால் அந்தப் பெண் அதையும் ஃபேஷன் என்று தனியாகப் போட்டுக்கொள்வாள். அண்ணனும் வருகிறார். இளஞ்சிவப்புச் சட்டைதான். வேறு நிறம் இல்லை.

ஊசி


ஜூன் 20
வீடு

தையல் கடை முதலாளிக்கு,

நாலு தெரு தள்ளி இருக்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்பாய். நேரில் வந்தால் நீ, "அளவு எடுக்கணும், அப்புறம் வாங்க அண்ணி" என்கிறாய். நேற்றும் சொன்னாய், முந்தாநாளும் சொன்னாய். பட்டதாரியை வாசலில் நிறுத்துவது நல்ல வளர்ச்சி. இதை உன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பத்தாம் தேதி முதல் மொத்தச் சந்தைப் புள்ளிவிவரப் பிரிவில் வேலைக்குப் போகிறேன். என்னைவிடச் சின்னவர்கள் நாலு பேர் என்னை மேடம் என்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது, திருத்தவில்லை.

எழுபது நாள் கணக்கைத் தொடங்கிவிட்டேன். நீ விட்டுப்போன கடிகாரத்தை நான் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். வேலையில் சேருமுன் எழுதிய முதல் வாரம் என் வீட்டு வேலை நாளுக்குப் பதின்மூன்று மணி, அவருடையது ஒன்றரை. கிழங்கு இப்போது எலுமிச்சை அளவுக்கு மிஞ்சுகிறது. கோடு இன்னும் இறங்கவில்லை, ஆனால் மேலே போவதை நிறுத்தி யோசிக்கிறது.

நேற்று மாலை தேநீர் குடித்தார். கோப்பையோடு எழுந்தார். நோட்டோடு நானும் எழுந்தேன். சமையலறை வாசல்வரை போனார், நின்றார், வழக்கமாக வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார். வாசலைத் தாண்டினார். தொட்டிக்குள் வைத்தார். இரண்டு நிமிடம். திரும்பி என்னைப் பார்த்து அவர் நின்ற நிற்பைப் பார்த்தால், பட்டம் வாங்கியது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கழுவவில்லை. அதற்கு இன்னொரு மூன்று வருடப் படிப்பு வேண்டும் போலிருக்கிறது.

வாசலில் நிற்க வைக்கப்படும்,
அண்ணி

(ஓரத்தில், சிவப்பு மையில்)

‘கழுவவில்லை’ என்பதை அடித்திருக்கிறேன். இன்று காலை கழுவினேன். கைப்பிடி தனியாகவும் கோப்பை தனியாகவும் இருக்கின்றன. மற்றபடி இந்தக் கடிதத்தில் பிழை இல்லை.